சுருண்ட கூந்தலும் சாயமும்



வெள்ளவத்தையிலே காலி வீதி வழியாகவோ, கொட்டாஞ்சேனைக் கடைத்தெருவிலோ, களனியிலோ செல்பவர்கள் சிகையலங்கார நிலையம் ஒன்றையேனும் காணாது செல்லல் அரிது. கலியாண காலம் வந்துவிட்டால் அங்கே இரண்டு வேண்டுகோள்கள் மிகுதியாக எழுகின்றன. சுருண்ட கூந்தலை நேராக்கித் தருக என்பது ஒன்று. அதற்குச் சாயமும் இடுக என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே நாளிற் செய்தல் தகுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே மயிரின் அமைப்பை அறிந்துகொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியும் மயிரிழை உயிரற்றது. தோலின் உள்ளேயிருக்கும் வேர் ஒன்றே உயிருள்ளது. இழை கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. வெளியே மீன்செதில் போன்ற மெல்லிய உறையும், உள்ளே நிறமும் வலிமையும் தங்கும் பகுதியும் உள்ளன. நேரான மயிரைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய வட்டமாயிருக்கும். நன்கு சுருண்ட மயிரோ தட்டையான நீள்வட்டமாயிருக்கும். வளைவு தோறும் அது நலிந்திருத்தலால், இழுப்பையும் காரத்தையும் குறைவாகவே தாங்கும்.

மயிரின் வடிவைக் காப்பவை இருவகைப் பிணைப்புகள். ஐதரசன் பிணைப்பு நீர் பட்டாலே தளரும். சூடான இரும்பினால் நேராக்கிய கூந்தல் கொழும்பின் ஈரக்காற்றிலே மாலைக்குள் மீண்டும் சுருள்வது இதனாலேயே. கந்தகப் பிணைப்போ உறுதியானது, மருந்தினாலன்றி உடையாது. இதனை உடைக்கும் மருந்துகள் இருவகைப்படும். சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற கடுங்காரம் ஒருவகை. ரீபொண்டிங் என நம் ஊரில் வழங்கும் முறைக்குரிய தயோகிளைக்கொலேற்று மற்றொருவகை. முன்னையது உடைத்த பிணைப்பு பழையபடி கூடுவதில்லை. ஒருவகை மருந்திட்ட கூந்தலின்மேல் மற்றவகையை இட்டால் மயிர் அறுந்து கையோடு வரும். ஆகவே, முன்னர் எம்மருந்து இடப்பட்டது என்று கேளாமல் வேலையைத் தொடங்குதல் பெரும் பிழையாகும்.

இனிச் சாயத்தைப் பார்ப்போம். நிலையான சாயத்தில் அமோனியா போன்ற காரம் மயிரின் செதில்களை விரிக்கும். ஐதரசன் பரஒட்சைட்டு இயற்கை நிறத்தை வெளிறச் செய்து, புதுச் சாயத்தை உள்ளேயே உருவாக்கும். அவ்வேளையிலே அதுவும் கந்தகப் பிணைப்புகளிற் சிலவற்றைச் சிதைக்கும். நேராக்கும் மருந்தால் முன்னரே வலுவிழந்த இழைக்கு இது இரண்டாவது அடி. உயிரற்ற பொருளாதலின் புண் ஆறுவதுபோல் மயிர் ஆறாது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும் புதுமயிருக்காகக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. தோள்வரை நீண்ட கூந்தலை இழந்தவள் அதனைத் திரும்பப் பெற ஆண்டுகள் செல்லும்.

ஆதலால் தேர்ந்த கைவினைஞர் கொள்ளும் முறை இது: முதலில் நேராக்குதல், குறைந்தது இரு வாரங்கள் கழித்தே சாயம். அடுத்தமுறை நேராக்கும்போது வேரருகே வளர்ந்த புதுமயிருக்கு மாத்திரமே மருந்து. ஒவ்வொரு முறையும் ஓரிழையை எடுத்துச் சோதித்தல். கருமையிலிருந்து பொன்னிறத்துக்கு வெளிறச் செய்வதை நேராக்கிய கூந்தலிலே தவிர்த்தல் நலம்.

கருஞ்சாயங்கள் பலவற்றில் பரா-பீனைலீன் டையமீன் என்னும் பொருள் உண்டு. சிலரது உடல் இதனை ஏற்காது. தோல் தடித்து, கண்ணிமை வீங்கும். முன்பு ஒவ்வாதிருந்தது மறுமுறை கடுமையாகத் தாக்கக்கூடும். காதின் பின்புறத்திலே சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்திருத்தல் இதற்குக் காவல். மருதோன்றி இலை தருவது செந்நிறம் மாத்திரமே. மருதோன்றி என்று விற்கப்படும் பொடி கரிய நிறம் தருமாயின் அதிலே வேறொன்று கலந்திருக்கிறது என்று ஐயுறுக. உலோக உப்புக் கலந்த பொடியிட்ட கூந்தலிலே பரஒட்சைட்டு பட்டால் வெப்பம் எழுந்து மயிர் கெடும்.

கூந்தலோடு உடல்நலமும் பேசப்படவேண்டும். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022இல் வெளியாயிற்று. நேராக்கும் மருந்தை ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் இட்டவர்களிடையே 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு என்றும், இடாதவர்களிடையே 1.64 விழுக்காடு என்றும் அது கணக்கிட்டது. சாயத்துக்கு அத்தகைய தொடர்பு அவ்வாய்விற் காணப்படவில்லை. தொடர்பு காணப்பட்டதேயன்றிக் காரணம் முடிவாக நிறுவப்படவில்லை. எனினும் அளவோடிருக்க இது போதிய எச்சரிக்கை. நேராக்கும் குழம்புகள் சில சூடாக்கும்போது போமல்டிகைட்டு ஆவியை விடும். அதனை நாள்தோறும் உட்கொள்பவள் வாடிக்கைக்காரியன்று. அங்கே வேலை செய்யும் பெண்ணே. காற்றோட்டமும் கையுறையும் அவளுக்கு உரிமையாகும்.

வீட்டிலே செய்யத்தக்கவை எளியன. தேங்காயெண்ணெய் மயிரினுள் ஊறி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. எண்ணெய் வைத்து முழுகும் நம் பாட்டிமாரின் வழக்கத்துக்கு இது நற்சான்று. அம்பத்தலையிலே சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக்கு வரும் களனி கங்கை நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரோ கடினமானது. விடுமுறைக்கு வடக்கே செல்வோர் முழுகியபின் கூந்தல் முரடாகக் கண்டால், இறுதியிலே தேசிக்காய்ச் சாறு சிறிது கலந்த நீரால் அலசலாம். ஈரக் கூந்தலை அகன்ற பற்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும்.

நேயர்களே, "இன்று இது செய்யலாகாது, இரு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும் சிகையலங்காரக்காரி அன்றைய கூலியை இழக்கிறாள். அவளை விட்டு அடுத்த கடைக்கு ஓடாதீர்கள். உங்கள் கூந்தலை ஒப்படைக்கத் தகுந்தவள் அவளே.