சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி

பழைய பேசும் படம் இதழ்களைப் புரட்டியவர்களுக்கு இந்த மூன்று சென்னைத் தியேட்டர்களின் பெயரும் மனப்பாடம். சிவாஜி பட விளம்பரத்தின் அடியில் வரிசையாக இருக்கும். சென்னையைக் கண்ணால் பார்க்காத நம் திம்புள்ள தோட்ட லயத்துப் பிள்ளைகள்கூட அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்தச் சாந்தி தியேட்டரை 2016இல் மூடினார்கள், பிறகு இடித்தும்விட்டார்கள்.

அது மவுண்ட் ரோட்டில் உமாபதி என்பவர் கட்டியது. 1961 ஜனவரியில் காமராஜர் திறந்து வைத்தார். ஏசி, பால்கனி, ஆயிரத்துக்கு மேல் இருக்கை. பிற்பாடு சிவாஜி குடும்பத்தின் கைக்கு வந்தது. திறந்த அதே வருடம் மார்ச்சில் அங்கே பாவமன்னிப்பு படம் வந்தது. ஏவி.எம்.காரர்கள் ஒரு ராட்சத பலூனில் படத்தின் பெயரை எழுதித் தியேட்டருக்கு மேலே பறக்கவிட்டார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் அண்ணாந்து அதையாவது பார்த்துவிட்டுப் போகலாம்!

நான் ஹட்டனில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். தியேட்டர் என்றால் எனக்குத் திரையைவிட மேலே இருக்கிற சின்ன அறைதான் பெரிது. கொழும்பிலிருந்து ரீல் பெட்டி ரயிலில் வரும். இரண்டு மெஷின். உள்ளே பல்பு கிடையாது, இரண்டு கார்பன் குச்சிகள். அவற்றின் நுனிகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தால்தான் வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறையக் கையால் நகர்த்த வேண்டும். தேத்தண்ணி குடிக்கக் கொஞ்சம் திரும்பினால் போதும், சிவாஜி முகம் மஞ்சளாகிவிடும், கீழே விசில் கிளம்பும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வரும். அடுத்த மெஷினை ஓடவிட்டு, இரண்டாவது பொட்டில் மாற்றிவிட வேண்டும். அடிபட்ட பிரிண்டில் அந்தப் பொட்டே இருக்காது, வெட்டி ஒட்டியதில் போயிருக்கும். வசனத்தை வைத்துத்தான் கணிப்போம். திருவிளையாடல் எனக்கு முழுக்க மனப்பாடமானது பக்தியால் அல்ல, நேயர்களே.

சாந்தியில் அந்தப் படம் 25 வாரம் போனது. 1979இல் சிவாஜியின் 200ஆவது படம் திரிசூலம், 175 நாள். 2005இல் அவர்கள் குடும்பமே எடுத்த சந்திரமுகி 800 நாளைத் தாண்டியது.

பின் ஏன் இடித்தார்கள் என்பீர்கள். ஒரே திரைக்கு ஆயிரம் பேரைத் தேடுவதைவிட அந்த நிலத்தில் அடுக்குமாடி வளாகம் லாபம், அவ்வளவுதான். அதே சாலையில் சபையர், ஆனந்த், அலங்கார் எல்லாம் முன்பே போய்விட்டன. 1914இல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டியையும் விட்டுவைக்கவில்லை. சாந்தியாவது சிவாஜி பிள்ளைகளின் சொத்து, அவர்கள் முடிவு. கெயிட்டிக்குத்தான் எனக்கு ஆத்திரம்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். இலங்கையில் எடுத்த பைலட் பிரேம்நாத் கதையைத் தொடவே இல்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன் தியேட்டர்களின் நோட்டீஸோ டிக்கெட் துண்டோ உங்கள் பெட்டிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த உரையை அதிலேயே தொடங்கிவிடலாம்.