காவற்காரரின் கணப்பு



தில்லிக்குப் புதிதாக வந்து சேரும் தமிழரிடம் இந்நகரின் குளிரைப் பற்றிப் பலரும் எச்சரிப்பர். புகையைப் பற்றி எச்சரிப்பவர் சிலரே. மார்கழி விடியலில் நீராடி, வாசலில் கோலமிட்டுக் கோயிலுக்குப் புறப்படும் வழக்கத்தை நம்மவர் இங்கும் கைவிடவில்லை. ஆனால் காற்று மிகவும் கெட்டிருக்கும் வேளைகளில் அதுவும் ஒன்று. பகலில் வெயில்பட்ட காற்று மேலெழும்போது புகையையும் உடன் கொண்டு போகிறது. குளிர்கால இரவிலோ நிலம் விரைவில் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்குகிறது. அதன்மேல் சற்றே வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. அம்மூடியின் கீழ் எது எரிந்தாலும் புகை நம் சன்னலுக்கே வந்து சேரும்.

பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டதையும், 2002இன் இறுதிக்குள் அது நிறைவேறியதையும் பழைய தில்லிவாசிகள் அறிவர். அவை பெரியோர் கையிலுள்ள காரியங்கள். நான் இன்று பேச வந்தது தெருமுனை நெருப்பைப் பற்றி.

2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் குப்பையையும் சருகையும் திறந்த வெளியில் எரிப்போர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று ஆணையிட்டது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் அச்செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வாயிற்கதவில் தொங்கவிட்டோம். அன்றிரவு எங்கள் காவற்காரர் அந்தப் பலகையின் கீழேயே நெருப்பு மூட்டினார்.

கண்டிக்கப் போனவன் நான்தான். அவர் எழுந்து நின்று, "பாபுஜி, உங்களுக்கு ரஜாய் இருக்கிறது, எனக்கு இதுதான் இருக்கிறது" என்றார். மறுமொழி கூற எனக்கு வாய் வரவில்லை. எரிந்துகொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தேன்: வண்ணம் பூசிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், பால் உறைகள், ஓர் அறுந்த செருப்பு. யாவும் எங்கள் வீடுகளிலிருந்து வெளியே போனவை! பலகை மாட்டிய நாங்களே விறகும் கொடுத்திருக்கிறோம். அந்த நச்சுப் புகைக்கு எல்லாரினும் அருகில் இருந்தவர் அவர். நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அவர் எதைச் சாத்துவார்?

மின்சாரக் கணப்பு ஒன்று வாங்கித் தரலாம் என்று முடிவாயிற்று. கட்டணம் யார் தலையில் என்ற வினாவிலேயே மூன்று கூட்டங்கள் கழிந்தன. கணக்கோ மிகச் சிறிது. 400 வாட் தண்டு ஒன்று இரவில் பத்து மணி நேரம் எரிந்தால் 4 யூனிட், மாதத்திற்கு 120. நாங்கள் நாற்பது குடித்தனம். வீட்டுக்கு 3 யூனிட்டுக்காகவா இத்தனை பேச்சு என்று ஒரு மூதாட்டியார் கேட்ட பின்னரே அமைதி பிறந்தது.

ஒன்றை அனுபவத்தில் கற்றோம். கணப்பு மட்டும் தந்தால் போதாது. கதவில்லாக் கூண்டில் வெப்பம் தங்குவதில்லை. முதல் வாரத்திலேயே பழைய நெருப்பு திரும்பிவிட்டது. பின்னர்க் கூண்டுக்குக் கதவும், வாயிலைப் பார்க்கக் கண்ணாடிச் சன்னலும் பொருத்தினோம். அதற்குப்பின் சாம்பல் காணப்படவில்லை. மின்னிணைப்பு இல்லாத பின்வாயிலில் மட்டும் இன்னமும் எரிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

சருகின் காலம் வேறு. இங்கே வேம்பும் அரசும் இலையுதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில். பூங்காவின் மூலையில் கம்பி வலையால் ஒரு கூடு அமைத்து, சருகு ஓர் அடுக்கு, மண்ணும் சாணமும் ஓர் அடுக்கு என இட்டு நீர் தெளித்து வந்தால், சில திங்களில் நல்ல எருவாகும். பெருக்குவோர்க்கு அக்கூடு அருகிலிருக்க வேண்டும். தொலைவிலிருந்தால் தீக்குச்சியே எளிதாகத் தோன்றும்.

போகி நெருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பஞ்சாபியரின் லோஹ்ரியும் நம் போகியும் தை பிறக்கும் தறுவாயில் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வருகின்றன. சென்ற முறை இரு சாராரும் கூடிக் காய்ந்த விறகால் ஒரே ஒரு சிறு நெருப்பு மூட்டினோம். பழம்பாய்களைப் பழைய பொருள் வாங்குவோரிடம் தந்தோம். சில பெரியவர்களுக்கு மனக்குறைதான். எனினும் எள்ளுருண்டையும் நிலக்கடலையும் கைமாறின.

அடுத்த தெருச் சங்கத்தின் செயலாளர் எங்கள் மின்கட்டணக் கணக்கைக் கேட்டனுப்பியிருக்கிறார். கதவு செய்த தச்சரையும் அழைத்துக்கொண்டு ஞாயிறன்று அங்கே போகிறேன்.