ஜோடிக் கணக்கும் ரேட் அட்டவணையும்

ஏலகிரி அடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வரை ஷூ அப்பர் தைப்பதில், குறிப்பாக வீட்டிலேயே கையால் தைக்கும் பெண்களுக்கு, கூலி பெரும்பாலும் ஜோடிக் கணக்குதான். அதிகம் தைத்தால் அதிக ரேட் என்று படிவைத்துக் கூலி போடுகிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். ரேட்டை எக்செல் ஃபார்முலாவுக்குள் எழுதாதீர்கள். தனி அட்டவணையில் எழுதிவைத்து, ஃபார்முலா அங்கே தேடி எடுக்கட்டும்.

அதற்கும் முன்னால் தீர்க்கவேண்டியது ஒன்று உண்டு. உதாரணத்துக்கு, 100 ஜோடிவரை 10 ரூபாய், 101 முதல் 200 வரை 12, அதற்கு மேல் 15 என்று வைப்போம். ஒருவர் 237 ஜோடி தைத்திருக்கிறார். எல்லா ஜோடிக்கும் 15 என்றால் 3,555 ரூபாய். அந்தந்தப் படிக்கு அந்தந்த ரேட் என்றால் 1,000, 1,200, 555 சேர்ந்து 2,755 ரூபாய். வாயால் சொன்ன ரேட் ஒன்றே. கையில் வருவதில் 800 ரூபாய் வித்தியாசம். முதல் முறையில் இன்னொரு சிக்கல்: 201 ஜோடிக்கு 3,015 ரூபாய், 200 ஜோடிக்கு 2,400. செக்கிங்கில் ஒரே ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனால் 615 ரூபாய் போய்விடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லில் கீழ்ப்படிச் சலுகை பறிபோவது நமக்குத் தெரியும்; அதைவிடக் கடுமையான பள்ளம் இது. ஆகவே படிப்படியான கணக்கே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் இதுவரை முழுமைக்கும் மேல் ரேட் கொடுத்தவர்கள் முறையை மட்டும் மாற்றினால் அது கூலிக் குறைப்பு. படிகளின் ரேட்டையும் உயர்த்தித்தான் மாற்றவேண்டும்.

அட்டவணைக்கு மூன்று பத்தி போதும்: எந்த எண்ணுக்கு மேல், அதுவரை சேர்ந்த தொகை, அதற்கு மேல் ரேட். வரிசைகள் 0, 0, 10. அடுத்து 100, 1000, 12. அடுத்து 200, 2200, 15. வி-லுக்அப் 237ஐத் தேடி 200 என்ற வரிசையில் நிற்கும். 2,200உடன் மீதி 37 ஜோடிக்கு 15 வீதம் கூட்டினால் 2,755. ஃபார்முலாவின் கடைசியில் ஃபால்ஸ் போட்டே பலருக்குப் பழக்கம். ஊழியர் எண்ணைத் தேட அது சரி. இங்கே 237 அட்டவணையில் இல்லாததால் விடையே வராது; ட்ரூ போடவேண்டும். ட்ரூ போட்டால் முதல் பத்தி சிறியதிலிருந்து பெரியதாக இருப்பது கட்டாயம். வரிசை கலைந்தால் எக்செல் எச்சரிக்காமலே தப்பான ரேட்டைக் கொடுத்துவிடும்.

மூன்று படிக்கு இஃப் போதாதா என்று கேட்கலாம். கணக்குக்குப் போதும். ஆனால் ரேட் மாறும்போது நூறு வரிகளில் ஒன்றை மாற்றாமல் விட்டால், அந்த ஒருவருக்கு மட்டும் பழைய கூலி போகும். தைப்பவருக்கு எக்செல் என்ன தெரியும் என்பது இன்னொரு கேள்வி. ஃபார்முலா தெரியவேண்டாம், அந்த மூன்று வரியைப் பிரின்ட் எடுத்து ஒட்டினால், தன் எண்ணிக்கையை அவரே வைத்துப் பார்ப்பார். இஃபுக்குள் புதைந்த ரேட்டை அப்படி ஒட்டமுடியாது. ரேட் உயரும்போது பழைய அட்டவணையை அழிக்காமல், தேதி போட்டுப் புதியதைத் தனியாக வையுங்கள். அழித்து எழுதினால் போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

கடைசியாக, குறைந்தபட்சக் கூலி. நேரக் கணக்கில் மட்டும் அது நிர்ணயிக்கப்பட்ட வேலையில், பீஸ் ரேட்காரருக்கும் அதற்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. எனவே ஜோடிக் கூலி ஒரு பத்தி, வேலை நாட்களுக்கான குறைந்தபட்சக் கூலி ஒரு பத்தி, இரண்டில் பெரியதை மேக்ஸ் மூலம் எடுப்பது மூன்றாவது. மூன்றையும் கண்ணில் படும்படி வையுங்கள். மாதாமாதம் பாதிப்பேருக்கு இரண்டாவது பத்தியே பெரியதாக நின்றால், தைப்பவர்களின் வேகத்தைக் குறைசொல்லும் முன் அட்டவணையில் உள்ள அந்த 10 ரூபாயைத் திருத்துங்கள்.