இருப்பதும் பழுதுபடுவதும்



மொழியியல் கற்றவர் புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் வினவக்கூடும். நான் பேச வந்தது ஒரு வாக்கியத்தைப் பற்றி. “அந்தப் பெண்ணுக்குப் பிஆர்சிஏ மரபணு இருக்கிறதாம்.” நம் ஜெலுத்தோங்கிலும் இப்படிச் சொல்வோர் உண்டு. இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருட்பிழை உண்டு.

1994இலும் 1995இலும் இனங்காணப்பட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் ஆண், பெண் வேறுபாடின்றி இவ்வரங்கில் உள்ள அனைவரிடமும் இருக்கின்றன. டிஎன்ஏயின் இரு புரிகளும் அறுபடும்போது பிழையின்றி இணைப்பது அவற்றின் பணி. ஆகவே அவற்றைக் கட்டியடக்கி மரபணுக்கள் என்பர். மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்தே அவற்றின் பெயர் பிறந்தது. காவலனுக்குத் திருடன் பெயரை இட்டதுபோல் ஆயிற்று!

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகள் நமக்கு வருகின்றன. ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருக்க, மற்றொன்றும் பின்னாளில் ஓர் உயிரணுவில் கெடுமானால், அங்கே பிழைகள் பெருகிப் புற்று தோன்றலாம். கேடு மரபணுவின் இருப்பால் அன்று, அதன் பழுதால் விளைவது.

கருமுட்டை உருவாகும் உறுப்பாகிய சூலகத்தில் தோன்றும் புற்றுக்குச் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் மருந்துகள் தரப்படுகின்றன. இவை டிஎன்ஏயோடு பிணைந்து அதனைச் சிதைக்கும். ஒரு நற்படியேனும் எஞ்சிய உயிரணு அச்சிதைவைச் சீர்செய்து பிழைக்கும். இரண்டையும் இழந்த புற்றணு சீர்செய்ய இயலாமல் மடியும். நோயை விளைத்த குறையே மருந்துக்கு வாயில் திறக்கிறது. 2014இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்ற ஒலாபரிப், தொடர்புடைய மற்றொரு சீரமைப்பு வழியையும் அடைத்து இதே குறையைப் பயன்கொள்கிறது.

எல்லாக் கட்டியடக்கிகளும் இவ்வாறல்ல. சிதைந்த உயிரணுவை மடியச் செய்யும் பி53 கெட்டால், புற்றணு மருந்துக்குத் தப்புவதும் உண்டு. பிஆர்சிஏயிலும் ஒரு திருப்பம் உண்டு: புற்றணுவில் மேலும் ஒரு மாற்றம் நேர்ந்து, இழந்த பணி மீளக்கூடும் என 2008இல் ஆய்வாளர் காட்டினர். மரபணு சீரானது என்பது செவிக்கு நற்செய்தி. மருந்துண்ணும் நோயாளிக்கோ அது தீச்செய்தி.

நம் நாட்டில் மரபணு ஆலோசகர் மிகச் சிலரே. எனவே கேன்சர் ரிசர்ச் மலேசியா அறநிறுவனத்தின் மாஜிக் ஆய்வு, சூலகப் புற்றுநோயாளிக்கு அவருடைய மருத்துவரே மரபணு ஆலோசனை வழங்கும் முறையை முன்னெடுத்தது. ஆலோசனை என்பது சொற்களால் ஆனது. “மரபணு இருக்கிறது” என்றால் தாய் குற்றவாளி ஆகிறாள். மகளின் திருமணப் பேச்சு தடைபடுமோ என்று அஞ்சிக் குடும்பமே சோதனையைத் தவிர்க்கிறது. “மரபணுவில் பழுது” என்றாலோ அடுத்த வினா இயல்பாக எழும்: யாரிடமிருந்து, இனி என்ன செய்யலாம்? தந்தை வழியாகவும் அப்பழுது வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. சோதித்தறிந்தால் தக்க மருந்தைத் தேரலாம். தங்கைக்கும் மகளுக்கும் முன்னெச்சரிக்கை தரலாம்.

ஆசிரியர்களே, இவ்விரு தொடர்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள். மாணவர்களே, இன்றிரவே வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு சொல்லைத் திருத்துவது ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.