பெரியவர் வகுத்த பாதை

பெரிய நிறுவனம் வகுப்பதே பாதை, சிறியவர் பின்தொடர்வதே விதி என்று பேசுவோர் உண்டு. சர்வர்க் கணினிகளின் வரலாற்றை அவர்கள் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்!

வங்கிகளும் அலுவலகங்களும் இரவு பகலாய் நம்பியிருக்கும் அக்கணினிகளுக்கு மூளை, சில்லு. 2001-இல் இன்டெல், எச்பியுடன் கூடி, 'இட்டேனியம்' என்னும் 64 பிட் சில்லைக் கொணர்ந்தது. புதிய சில்லுக்குப் புதிய மொழி! பழைய நிரல்களும் அதில் ஓடின. ஊர்ந்தன என்பதே பொருத்தம். வேகம் வேண்டுமா? நிரல்களையெல்லாம் மாற்றியமைத்து வா என்றது. இது வணிகமா, கட்டளையா?

ஏஎம்டி, அப்போது இன்டெலினும் மிகச் சிறியதாய் இருந்தது. அறநிலையம் அன்று, அதுவும் இலாபம் தேடியதே! ஆனால் 2003 ஏப்ரலில் அது தந்த 'ஆப்டெரான்' சில்லில் பழைய நிரல்கள் வேகம் குன்றாமல் ஓடின; விரும்பும் நாளில் 64 பிட்டுக்கு மாறலாம். இந்த இரண்டாவது கடை இல்லையேல், கட்டளைக்குத் தலைவணங்குவதன்றி வாங்குவோர்க்கு வேறு வழி ஏது? ஐபிஎம் வாங்கிற்று, சன் வாங்கிற்று, இட்டேனியத்தை ஈன்ற எச்பியே வாங்கிற்று! 2004-இல் இன்டெலும் தன் 'ஜியான்' சில்லில் அம்முறையையே ஏற்றது, பெயரை மட்டும் மாற்றி! இட்டேனியத்தின் கடைசிச் சரக்கு 2021-இல் அனுப்பப்பட்டது.