கால் வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை: ஆர்டர் போடும் முன் ஒரு நிமிடம்!

(குரல் பதிவாக வந்த உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுக்குகிறதா? கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? உடனே போனை எடுத்து, 'கம்ப்ரஷன் சாக்ஸ்' என்று தேடி, செருப்பு சைஸைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. அது வெறும் சாக்ஸ் இல்லை, ஒரு மருத்துவ சாதனம். மருந்து மாதிரியே அதற்கும் அளவு உண்டு.

முதலில், வீக்கம் ஏன் வருகிறது? காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும். சிரைகளில் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைக் கீழே வழியவிடாமல் தடுக்கின்றன. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கும், சிரை புடைக்கும். இதைத்தான் ஊரில் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக்குழாய். நிணநீர் ஓடும் பாதை கெட்டாலும் வீக்கம் வரும். யானைக்கால் நோயில் காலிலும், மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கையிலும் வருவது இந்த வகை.

இந்தக் காலுறைக்கான யோசனை தண்ணீரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்டுக்குக் கால் சிரை நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் வலி குறைவதை அவர் கவனித்தார். ஆழம் கூடக்கூட தண்ணீரின் அழுத்தமும் கூடும் அல்லவா? அதேபோல் கணுக்காலில் அதிகமாகவும், மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். இன்றும் அடிப்படை அதுதான்.

எப்படித் தயாராகிறது? திருப்பூர் பனியன் துணி மாதிரி இதுவும் பின்னல் துணிதான். நைலான் நூல் சுற்றிய எலாஸ்டேன் இழையைப் பின்னல் வரிசைகளின் ஊடே செலுத்துவார்கள். அழுத்தம் தருவது அந்த இழையின் இழுவிசை. இதில் இரண்டு வகை. வட்டப் பின்னலில் தையல் இருக்காது, துணி மெல்லியது. நரம்பு சுருட்டலுக்குப் பெரும்பாலும் இது போதும். தட்டைப் பின்னலில் கண்ணிகளைக் கூட்டிக் குறைத்து, அவரவர் காலின் வடிவத்துக்கே பின்னி, ஓரத்தைத் தைப்பார்கள். துணி தடிமனாக இருப்பதால் வீங்கிய மடிப்புக்குள் புதையாது. நிணநீர் வீக்கத்துக்கு இது ஏற்றது.

இப்போது முக்கியமான விஷயம். அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரச அளவில் சொல்வார்கள். பெட்டியில் 'கிளாஸ் 2' என்று மட்டும் பார்த்து வாங்காதீங்க. பிரிட்டன் முறையில் அது 18 முதல் 24. ஜெர்மன் முறையில் 23 முதல் 32. எனவே சீட்டில் எண்ணாகவே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அளவு எடுப்பது காலையில், வீக்கம் ஏறும் முன்.

யாருக்கு ஆபத்து? காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் சொந்த முடிவில் போடவே கூடாது. மரத்த காலுக்கு இறுக்கம் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். டாக்டர் பாதத்தில் நாடி பார்த்துச் சொல்லட்டும்.

போட ஆரம்பித்த பிறகு இவற்றை நினைவில் வையுங்கள்:

• காலையில் எழுந்ததும் போடுங்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் இரவில் கழற்றுங்கள்.
• மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள். கயிறு கட்டியதுபோல் அந்த இடத்தில் இறுக்கும்.
• எண்ணெய், கிரீம் எல்லாம் இரவில் கழற்றிய பிறகு தடவுங்கள்.
• தினமும் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுமார் 6 மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும்; மாற்ற வேண்டும்.
• விரல் நீலமானால், மரத்தால், வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் துடைப்பதை விடவே கூடாது. உறை போட்டாலும் அந்தப் பராமரிப்பு தொடர வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். காலுறை தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. வீட்டில் அம்மாவோ தாத்தாவோ காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீங்க. இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.