இளைஞர் கையில் வாகனம்



2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 9,528 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் மடிந்தோர் மட்டும் 50,029 பேர்.

சட்டம் இதனைக் காணாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினாறு வயதினர் 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டுமே, உரிமம் பெற்று, ஓட்டலாம். இன்று விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையோ வாகன உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வாகனப் பதிவு ரத்து ஆகியவை அதற்குரிய தண்டனைகள்.

ஆயினும், பதினெட்டாம் பிறந்தநாள் ஒருவரை நல்ல ஓட்டுநராக்கிவிடுவதில்லை. இளைஞர்க்குக் கண்ணும் கையும் கூர்மையானவை, குறைவது அனுபவம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கைப்பேசியை இரண்டு விநாடி நோக்கினால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு சென்றதற்கு ஒப்பாகும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நின்றிருக்கும் பேருந்தின் மறைவிலிருந்து ஒருவர் குறுக்கே வரக்கூடும் என முன்னரே எண்ணி வேகத்தைக் குறைப்பது பழக்கத்தால் மட்டுமே வருவது.

எனவே உரிமையைப் படிப்படியாக வழங்குவதே அறிவுடைமை. நியூசிலாந்து 1987ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கொண்டுவந்தது. அங்கே பழகுநர் நிலைக்கும் முழு உரிமத்திற்கும் இடையே கட்டுப்பாடுகளுடன் கூடிய ஒரு நிலை உண்டு. அந்நிலையில் இரவு நேரத்தில் தனியே ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் வரம்புகள் உள்ளன. நம் நாட்டில் பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாட்கள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம். தேறியவர் அன்றிரவே நண்பர்களுடன் நெடுஞ்சாலையில் காரைச் செலுத்தத் தடையில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இடைநிலையைக் குடும்பமே ஏற்படுத்தலாம். முதற் சில மாதங்கள் பகலில், அறிந்த சாலைகளில், பெரியவர் உடனிருக்க ஓட்டட்டும். பின்னர் நெரிசலான சாலை, மழை, இரவு என ஒவ்வொன்றாகப் பழகட்டும். நண்பர்களை ஏற்றிச் செல்வது இறுதிப் படியாக இருக்கட்டும். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு செல்லும் தந்தையின் அறிவுரை மகனிடம் எடுபடாது என்பதையும் பெற்றோர் உணர வேண்டும்.

அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பு முடிந்தபின் பேருந்து இல்லாத ஊரில் மாணவன் வண்டியைத்தான் நாடுவான். அவனுக்கு அபராதம் விதிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. வகுப்பு நேரத்திற்கேற்பப் பேருந்து, பள்ளியருகே வேகத்தடை, பாதுகாப்பான நடைபாதை ஆகியவையும் விபத்துத் தடுப்புப் பணிகளே.

மாணவர்களே, வண்டியை விரைவாக ஓட்டச் சில நாட்களில் கற்றுவிடலாம். உரிய இடத்தில் நிறுத்தக் கற்பதற்கே காலம் வேண்டும். அந்தக் காலத்தை உங்களுக்கு நீங்களே அளித்துக்கொள்ளுங்கள்.